ஜமீலா இருந்த சுவர்

"இதெல்லாம் ஒரு ஆர்ட்டாம்மா?" என்று பக்தவத்சலம் கேட்டதும் தாட்சாயிணிக்கு வந்த கோபத்தில், கையிலிருந்த பிரஷ்ஷை அவர் வெள்ளை வேட்டியிலேயே துடைத்திருப்பாள். என்ன செய்வது, மனுஷன் ஃப்ளாட் அசோசியேஷன் செக்ரட்டரி ஆயிற்றே. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கள்ளிக்குப்பத்தில் அவர்கள் ஃப்ளாட்டின் வெளிச்சுவர் இருக்கிறதே, தெருவில் போகிற வருகிற ஆம்பளைகளுக்கெல்லாம் அதுதான் கழிப்பறை. 'இங்கே சிறுநீர் கழிக்காதே' என்று எழுதினார்கள். எழுத்தின் மேலேயே போனார்கள். சாமி படம் போட்ட டைல்ஸ் ஒட்டினார்கள். சாமிக்கு ரெண்டடி தள்ளி நின்று போனார்கள். அவ்வளவு பக்தி! கடைசியில், "யாராவது சுவத்துல படம் வரையலாமே" என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டது இதே பக்தவத்சலம்தான்.

தாட்சாயிணிக்கு ஐடி கம்பெனியில் பட்டன் வரைகிற வேலை. போனில் தட்டுகிறோமே, அந்தப் பட்டன். மூலை இன்னும் கொஞ்சம் வளையட்டும் என்பான் ஒருத்தன், வேண்டாம் நிமிரட்டும் என்பான் இன்னொருத்தன். ஒரு முகம் வரைந்து எத்தனை வருஷமாயிற்று! சனி ஞாயிறெல்லாம் வெயிலில் நின்று, அந்தத் தெருவில் நடக்கிறவர்களையே வரைந்தாள். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு ஷிஃப்ட் போகிறவர்கள், ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள், மூலையில் ஆப்பம் சுட்டு விற்கிற ஜமீலா. ஜமீலாவுக்கு ஒரு கண் கொஞ்சம் சின்னது. சின்னதாகவே வரைந்தாள்.

"இன்னாம்மா இது, அப்டியே நானே நின்னுகினு கீறேன்!" என்று ஜமீலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் ஒருத்தனும் ஒதுங்கவில்லை. தெரிந்த முகத்துக்கு எதிரே எவன் ஜிப்பை இறக்குவான்?

செக்ரட்டரிக்கு மட்டும் பொறுக்கவில்லை. "ஆப்பக்காரி மூஞ்சியைத்தான் தினமும் பார்க்கறோமே. கலைன்னா கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கணும்மா. ஒரு மயிலு, ஒரு அருவி..."

"தினமும் பார்க்கறீங்களா சார்? அந்த அக்காவுக்கு எந்தக் கண்ணு சின்னது, சொல்லுங்க பார்ப்போம்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடையைக் கட்டினார். அவள் ஆபீஸில் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சுண்ணாம்பு அடிக்க ஆள் அனுப்பினார். சாயங்காலம் வந்து பார்த்தால் ஒரு முகம்கூட இல்லை. சுண்ணாம்பின் மேல் பெரிய ஃப்ளெக்ஸ். எந்த தேசத்து அருவியோ, நெட்டில் பிடித்தது. பக்கத்தில் மயில், மேலே வானவில்.

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "விடு தாட்சா, சுவருதானே" என்ற புருஷன் கோகுல்நாத்தோடு பேச்சையே நிறுத்திவிட்டாள்.

அருவி என்ன ஆயிற்று? என்ன ஆகும்! தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு எவன் அடக்குவான்? முன்னைவிட அதிகம் போனார்கள். மயிலுக்கு முட்டி வரை ஈரம். நாற்றம் செக்ரட்டரி வீட்டு ஹாலுக்கே போய் உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து கதவைத் தட்டினார். "உங்க படத்தையே திரும்பப் போட்டுடுங்கம்மா. அது இருந்தப்போ ஒருத்தனும் போகல. நல்ல ஆர்ட்தான், ஒத்துக்கறேன்."

முதலில் வந்ததைவிட இப்போதுதான் அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. இது ஆர்ட்டா என்று கேட்டபோதாவது மனுஷன் படத்தைப் பார்த்துக் கேட்டார். இப்போது சுவரின் அடியைப் பார்த்தல்லவா பாராட்டுகிறார்!

"மூத்திரம் நின்னா நல்ல கலை, நிக்கலன்னா மட்டமா சார்? அப்போ தடியோட ஒரு வாட்ச்மேனைப் போடுங்க. அவர்தான் உங்களுக்குப் பெரிய ஆர்ட்டிஸ்ட்!" என்று கதவை அறைந்து சாத்தினாள்.

அந்தச் சூட்டோடு பால் வாங்கக் கீழே இறங்கினாள். சுவரோரம் ஜமீலா, முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஃப்ளெக்ஸின் ஓரத்தைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடவே அவள் தங்கை.

"வெள்ளானூர்லேர்ந்து இவள இட்டாந்தேன்மா, என்னைக் காட்டலாம்னு" என்றாள் ஜமீலா. "இங்கதான கீறேன்? எங்கம்மா என்னைக் காணோம்?"

தாட்சாயிணி இரண்டு கையாலும் ஃப்ளெக்ஸைப் பிடித்து இழுத்தாள். மயிலோடு அருவி கிழிந்து விழுந்தது. மேலே ஓடிப்போய்ப் பெயிண்ட் டப்பாக்களை அள்ளிக்கொண்டு வந்தாள்.

பால்கனியிலிருந்து பக்தவத்சலம் பார்த்துவிட்டார். "அப்படிப் போடுங்க! ரொம்ப தேங்க்ஸ்மா!"

"உங்களுக்கில்ல சார்!" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டு, ஜமீலாவின் சின்னக் கண்ணிலிருந்து ஆரம்பித்தாள்.