தரைக்கு மேலே ட்சுருயோ

ஒருவருடைய பெயரை ஒரு தடவை தப்பாகச் சொன்னால் அவர் தரையிலிருந்து எவ்வளவு உயருவார், தெரியுமா? ஒரு நெல்மணி கனம். ஜப்பானிலிருந்து கப்பலேறி பிரேசிலின் காப்பித் தோட்டத்துக்கு வந்த ட்சுருயோவுக்கு அந்தக் கணக்கு பிசகியதே இல்லை. தினமும் விடியற்காலையில் கங்காணி ஒசோரியோ பட்டியலை வாசிப்பான். "சுருஜா... துருயூ... என்ன எழவு பேரும்மா இது, நாக்கு சுளுக்கிக்குது!" வரிசையே சிரிக்கும், அவளும் சேர்ந்து சிரிப்பாள். முதல் வருடக் கடைசியில் முழங்கால் உயரத்தில் நின்றாள். உச்சிக் கிளைப் பழங்களை அவளே பறித்துவிடுவதால் இரண்டு ஏணி மிச்சம் என்று ஒசோரியோ முதலாளியிடம் சொன்னான்.

இறங்க ஒரே வழிதான். கூடவே கப்பலில் வந்த ஹருனோ ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்து, வாசலிலிருந்தே "ட்சுருயோ!" என்று கூப்பிட்டாள். இவள் பொத்தென்று சேற்றில் இறங்கினாள். அன்று முழுக்கக் காலைக் கழுவவில்லை. மறு மாதம் ஹருனோ மலேரியாவில் போய்விட்டாள். அப்புறம் அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லக்கூடியவன் அந்த வட்டாரத்தில் ஒருத்தன்தான், புருஷன் யசகிச்சி. ஆனால் அவன் பிறந்த ஊரில் எந்தப் புருஷனும் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டான். கல்யாணமானதும் "ஏய்". மகள் லூசியா பிறந்ததும் மகளுக்கும் அம்மா, அவனுக்கும் "அம்மா".

"ஒரே ஒரு வாட்டி சொல்லுங்களேன். நீங்களும் நானும்தானே இருக்கோம்."

"சும்மா இருடி, கூச்சமா இருக்கு. நாளைக்குப் பாக்கலாம்."

இருபத்திரண்டு வருடம் நாளைக்குப் பார்த்தான். சொந்த நிலம் வாங்கினார்கள். உறைபனியில் ஒருமுறை காப்பி மொத்தமும் கருகியது. ட்சுருயோ இடுப்பில் கல் கட்டிக்கொண்டு சமைத்தாள். அந்த ஊர் பாஷை மட்டுமே வாயில் படிந்த லூசியா ஒருநாள் ஆசையாய் அம்மா பெயரைச் சொல்லிப் பார்த்தாள். அம்மா இன்னொரு நெல்மணி உயர்ந்ததைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

லூசியாவின் கல்யாணத்தில், போட்டோவுக்குப் பெண்ணின் அம்மாவைக் காணோமென்று எண்பது பேர் பிரியமாய், ஒரே நேரத்தில், எண்பது விதமாகக் கூப்பிட்டார்கள். இடுப்புக் கட்டு அறுந்தது. கல் இழுத்து வைத்திருந்த உயரமெல்லாம் ஒரேயடியாகச் சேர்ந்து, அவள் மாமரத்தைத் தாண்டினாள்.

"அம்மா! ஏய்! அம்மா!" என்று யசகிச்சி கத்தினான்.

"அது இல்லங்க! பேரைச் சொல்லுங்க!"

அவன் சுற்றி நின்ற ஜனங்களை ஒருமுறை பார்த்தான். அவ்வளவு நேரம்தான் ஆனது. அவன் வாய் திறந்தபோது அவள் குரல் எட்டாத உயரத்தில் இருந்தாள். பொழுது சாயும்வரை, தொண்டை கட்டும்வரை, "ட்சுருயோ, ட்சுருயோ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். எண்பது பேரும் அவன் வாயைப் பார்த்துப் பார்த்துக் கூடவே கூப்பிட்டார்கள்.

மறுநாள் காலை பாதிரியாரும் ரொட்டிக்காரரும் ஒசோரியோவும் அந்தப் பெயரைத் திருத்தமாகச் சொல்லிப் பேசிக்கொண்டே, யசகிச்சி வீட்டைக் கடந்து வேலைக்குப் போனார்கள்.