நாலு வார மௌனம்

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குத் 'திருத்தம்' என்று பட்டப்பெயர். வைத்தவர்கள் சக ஆசிரியைகள். தண்ணீர் கேன் போட வருபவரின் ரசீதில் இருந்த எழுத்துப்பிழையைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தவள் ஆயிற்றே, வேறென்ன பெயர் வைப்பார்கள்? இருபத்திரண்டு வருடத்தில் அவளிடம் படித்த பிள்ளை யாரும் உச்சரிப்பில் சோடை போனதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லையென்றால் பொய்.

காலையில் வருகைப் பதிவு எடுப்பதே அவள் வகுப்பில் ஒரு பாடம். பேரைக் கூப்பிட்டதும் பிள்ளை எழுந்து நின்று, "வந்திருக்கிறேன், டீச்சர்" என்று முழுசாகச் சொல்ல வேண்டும். மென்று விழுங்கினால் மறுபடியும் சொல்ல வேண்டும்.

அந்த வருடம் புதிதாகச் சேர்ந்த ஐந்தரை வயதுச் சிறுமிக்கு 'க' வரவில்லை. அவள் வாயிலிருந்து புறப்படும் 'க' எல்லாம் 'த'வாகத்தான் வெளியே வந்தது. முதல் நாள் எழுந்து நின்று, "வந்திருத்திறேன், டீச்சர்" என்றாள். டீச்சர் கோபப்படவில்லை. ஒரு நட்சத்திர ஸ்டிக்கரை விரல் நுனியில் ஒட்டிக் காட்டி, இன்னொரு தடவை சொல் கண்ணு, சரியாகச் சொன்னால் இது உனக்குத்தான் என்றாள். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று ஏழு தடவை ஆனது. நாலாவது தடவையே பின்வரிசை சிரிக்க ஆரம்பித்துவிட்டது. ஏழாவதில் சிறுமி உதட்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மறுநாளிலிருந்து அவள் வகுப்பில் வாயே திறக்கவில்லை. பேரைக் கூப்பிட்டால் தரையைப் பார்ப்பாள். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று கேட்கக்கூட வாய் வராமல், ஒரு நாள் பாவாடை நனைந்து நின்றாள். இரண்டு வாரம் இப்படியே போனது. தலைமை ஆசிரியை டீச்சரைக் கூப்பிட்டு, மாதக் கடைசிவரை பார்ப்போம், அதற்குள் பேசாவிட்டால் மழலையர் வகுப்புக்குத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றார். டீச்சர் தலையாட்டிவிட்டு வந்தாள். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அன்று மாலையே சிறுமியின் அம்மா வந்தாள். மருந்துக்கடையில் வேலை, கடைச் சீருடையைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தாள். கைபேசியில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினாள். அதில் சிறுமி துணி துவைக்கும் மெஷின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, இப்படித் தலை சுற்ற ஆடினால் வாந்தி வராதா என்று அதற்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். மூச்சு விடாத பேச்சு. டீச்சர் அந்தக் குரலை இப்போதுதான் ஒழுங்காகக் கேட்கிறாள்.

"என்னாலதாம்மா இப்படி ஆச்சு," என்றாள் டீச்சர். "ஏழு தடவை நிக்க வெச்சு சொல்லச் சொன்னேன்."

"தெரியும் டீச்சர். அவளே சொன்னா. அதனாலதான் ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட போகாம நேரா உங்ககிட்ட வந்தேன்."

அந்த அம்மா திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது டீச்சருக்கு. அவளோ, ஆஸ்பத்திரியில் ஒரு பேச்சுப் பயிற்சியாளரைப் பார்த்துவிட்டதாகவும், டீச்சர் சரியென்றால் அந்தப் பெண் வகுப்புக்கே வரத் தயார் என்றும் சொல்லிவிட்டு வேலைக்கு ஓடினாள்.

பயிற்சியாளர் வந்தபோது டீச்சருக்கு மனசு சுருங்கியது. அவள் வயதில் பாதிகூட இருக்காது. தோளில் துணிப்பை, பைக்குள் காலுறையில் தைத்த ஒரு பொம்மை. குட்டி நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து, பொம்மையைப் பேச வைத்தாள். பொம்மை "ததவு" என்றது. சிறுமி இல்லையென்று தலையாட்டினாள். "கதவு" என்றது. ஆமாம் என்று தலையாட்டினாள். பத்து வார்த்தைக்கும் ஒரு தவறுகூட இல்லை.

பிறகு பயிற்சியாளர் டீச்சரை ஓரமாக அழைத்துப் போனாள். "தங்கமான காது டீச்சர் இவளுக்கு. நாக்குதான் இன்னும் பழகல, அதை வாரா வாரம் நான் பாத்துக்கறேன். நீங்க எதையும் திருப்பிச் சொல்ல வைக்காதீங்க. அவ தப்பா சொன்னா, நீங்க பதில் சொல்றப்போ அந்த வார்த்தையைச் சரியா சொல்லிட்டு மேல போய்டுங்க, அது போதும்."

அவள் பேசினால்தானே என்று டீச்சர் கேட்டாள். காத்திருக்க வேண்டியதுதான் என்று பதில் வந்தது. எத்தனை நாள் என்றதற்கு, தெரியாது என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டுப் போனாள் பயிற்சியாளர்.

காத்திருப்பதெல்லாம் டீச்சருக்குப் பழக்கமே இல்லாத வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். வருகைப் பதிவில் பேச்சை எடுத்துவிட்டாள். வந்த பிள்ளை தன் புகைப்பட அட்டையைப் பலகையில் மாட்டினால் போதும். தினமும் பத்து நிமிடம் ஒரு விளையாட்டும் வைத்தாள். டீச்சர் வேண்டுமென்றே ஒரு வார்த்தையைக் கெடுத்துச் சொல்வாள், பிள்ளைகள் சிவப்பு அட்டையைத் தூக்கிக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். "குடை" என்பதற்கு "துடை" என்று முதல் தடவை சொன்னபோது அவளுக்கே உடம்பு கூசியது. எல்லாருக்கும் முன்னால் மேலே போன அட்டை அந்தச் சிறுமியுடையது. இரண்டு வாரமும் அப்படித்தான். அட்டை பறக்கும், கண் சிரிக்கும், வாய் மட்டும் திறக்காது. டீச்சரைப் பிடிப்பது என்றால் வகுப்புக்கே குஷி. அந்தச் சிறுமியைப் பார்த்துச் சிரித்ததையெல்லாம் அவர்கள் மறந்தே போனார்கள்.

மாதக் கடைசி நாளும் வந்துவிட்டது. டீச்சர் கரடிக் கதைப் புத்தகத்தை எடுத்தாள். வகுப்பில் மூன்று தடவை படித்த கதைதான், பிள்ளைகள்தான் மறுபடி கேட்டார்கள். அவள் மனம் தலைமை ஆசிரியையின் அறையில் இருந்தது. இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு சேர்ந்து புரண்டதைக் கவனிக்கவில்லை. கரடி ஆற்றங்கரைக்குப் போய்விட்டது என்று படித்துக்கொண்டே போனாள்.

நடுவரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. சிறுமி எழுந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"டீச்சர், ஒரு பத்தம் விட்டுட்டீந்த. தரடி தால்ல முள்ளு துத்துச்சுல்ல, அத நீந்த படித்தவே இல்ல."

"ஆமா டீச்சர், முள்ளு விட்டுட்டீங்க," என்றது மொத்த வகுப்பும். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அவர்களுக்கு முள்தான் முக்கியம்.

டீச்சர் ஒட்டியிருந்த தாளைப் பிரித்தாள். "ஆமாம்மா, ஒரு பக்கம் விட்டுட்டேன். கரடி கால்ல முள்ளு குத்துச்சு, அதைப் படிக்கவே இல்ல." இதைச் சொல்லி முடிப்பதற்குள் கண் நிறைந்து, பக்கத்தில் எழுத்தே தெரியவில்லை. படிக்காமல் நிற்பவளைப் பார்த்துச் சிறுமி பொறுமை இழந்து, "படிந்த டீச்சர்," என்று அதட்டினாள். டீச்சர் படித்தாள். கரடியின் காலில் முள் குத்துகிற பக்கத்தை உலகத்தில் யாரும் அவ்வளவு சந்தோஷமாகப் படித்திருக்க மாட்டார்கள்.

மதிய மணி அடித்ததும் நேராகத் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனாள். மூச்சு வாங்கியது.

"மேடம், அந்தப் பொண்ணு என் வகுப்புலயே இருக்கட்டும். இன்னிக்குப் பேசிட்டா."

தலைமை ஆசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சரியா பேசினாளா?"

"இல்ல மேடம்," என்றாள் டீச்சர். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "பூரா தப்பு."