அத்திப்பள்ளியில் குடித்தவன்

பெங்களூர் மில்லில் இராத்திரி ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு வந்த பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வேலை கதை எழுதுவது. அதுவும் தெரியாது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

மனைவி கிருபாராணியிடம் மில்லில் ஆட்குறைப்பு என்று சொல்லியிருந்தேன். வேலை தேடப் போவதாகத் தினமும் காலையில் ஓசூரில் பஸ் ஏறுவேன். மைசூர் ராஜ்ய எல்லை தாண்டியதும் அத்திப்பள்ளியில் இறங்கி, ஒரு டீக்கடை பெஞ்சில் மத்தியானம் வரை எழுதுவேன். அவள் தையல் மிஷினை மிதித்து வீட்டை நடத்தினாள்.

கிறிஸ்தவ சபைகளுக்கான ஒரு மாதப் பத்திரிகை கதைப் போட்டி வைத்தது. கதையில் பாவி மனந்திரும்ப வேண்டும். சபையாருக்கு வாசித்துக் காட்டி, சபையை நடத்தும் உபதேசியாரின் கையெழுத்தோடு அனுப்ப வேண்டும். பாவத்தைத் தேடி நான் வெகுதூரம் போகவில்லை. சென்னை ராஜ்யத்தில் மதுவிலக்கு. அத்திப்பள்ளியிலோ என் டீக்கடைக்கு எதிரிலேயே சாராயக்கடை. என் கதையில் ஒருவன் பொய் சொல்லிவிட்டுத் தினமும் அங்கே போய்க் குடிக்கிறான், மனைவியை ஏய்க்கிறான், கடைசியில் புளியமரத்தடியில் முழங்கால் போட்டு அழுகிறான். உருக்கமாக இருக்கட்டும் என்று ‘நான்’ என்றே எழுதினேன். சாராயத்தை நான் நாக்கில் வைத்ததில்லை. அதனால் குடிக்கிற இடத்தை மட்டும் மூன்று பக்கம் எழுதினேன்.

சனிக்கிழமை சாயங்கால ஜெபக்கூட்டத்தில் வாசிக்கச் சொன்னார் உபதேசியார் ஜெபமணி. பாட்டு முடிந்ததும் சாட்சி சொல்கிற நேரம். யாராவது எழுந்து, தான் எப்படிக் கெட்டேன், ஆண்டவர் எப்படி மீட்டார் என்று சொல்வார்கள். எனக்கு முன்னால் ஒருவர் பீடியை விட்டதைச் சொல்லி உட்கார்ந்தார். நான் எழுந்து காகிதத்தைப் பிரித்தேன். முன்னுரை சொன்னால் உருக்கம் கெடும் என்று நேரடியாக, “நான் ஒரு குடிகாரன்” என்று ஆரம்பித்தேன்.

கூட்டம் விம்மியது. எழுத்து என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். புளியமரம் வந்தபோது கிருபாராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

முடிந்ததும் ஜெபமணி என்னைக் கட்டிப்பிடித்தார். “தம்பி, உன் மூஞ்சியைப் பாத்தப்பவே நெனச்சேன்.”

“ஐயா, இது கதைங்க.”

“வெக்கப்படாத. சாத்தான் அப்படித்தான் பேச வெப்பான்.”

“போட்டிக்கு உங்க கையெழுத்து…”

“சாட்சியைப் போட்டிக்கு அனுப்பறதா? நல்லா இருக்குதே! கிருஷ்ணகிரி மிஷன் பள்ளிக்கூடத்துல குமாஸ்தா எடம் காலியா இருக்குது. திருந்தி வந்தவன்னு லெட்டர் தர்றேன். திங்கக்கெழம போய்ப் பாரு.”

வீட்டில் கிருபாராணி மிஷின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“தெனமும் அத்திப்பள்ளிதானா?”

“ஆமா. ஆனா குடிக்கல.”

“பின்ன?”

சொன்னேன். டீக்கடை, பெஞ்சு, காகிதம் எல்லாவற்றையும். மில் என்னை நிறுத்தவில்லை, தறிச் சத்தத்தில் யோசிக்க முடியாமல் நானாகத்தான் நின்றேன் என்பதையும். வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே நிஜமான சாட்சி அது. ஸ்தோத்திரம் சொல்லத்தான் ஆள் இல்லை.

“குடின்னா, விட்டுட்டேன்னு ஒரு நாள் வந்து நிப்பீங்க,” என்றாள். “இதை என்னிக்கு விடுவீங்க?”

கதைக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் தள்ளினேன்.

“அப்ப குடிகாரனாவே இருங்க. வேலையாவது கெடைக்கும். இல்லன்னா நான் எங்கப்பன் வீட்டுக்குப் போயிடறேன்.”

திங்கட்கிழமை லெட்டரோடு கிருஷ்ணகிரி போனேன். தலைமையாசிரியர் அதை இரண்டு தடவை படித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, எத்தனை வருஷமாகக் குடி என்று மெதுவாகக் கேட்டார்.

“ஆறு வருஷங்க,” என்றேன். கதையில் நாலு என்றுதான் எழுதியிருந்தேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்துவிடு என்றார்.