கையெழுத்து வேண்டாம்

காப்பகத்தை நடத்தியவள் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரியில் செவிலியாக இருந்தவள். தெருவில் எல்லாருக்கும் அவள் அக்கா. உண்மையிலேயே அக்கா என்று கூப்பிட உரிமையுள்ள ஒரே தம்பியோ, சண்டை பிடிக்கும்போது மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவான்.

பழைய பஸ் பணிமனை ஒன்றை வாடகைக்கு எடுத்து, வீடில்லாத நாய்களையும் பூனைகளையும் இருவரும் பராமரித்து வந்தார்கள். இடம் போதவில்லை, கூரையும் ஒழுகியது. புதுக் கூண்டுகளுக்காக ஓர் அறக்கட்டளையிடம் நிதி கேட்டிருந்தார்கள். மருந்துச் செலவுக்கு ஏற்கெனவே பணம் கொடுத்துவரும் அறக்கட்டளைதான் அது. அன்று காலை அங்கிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வந்தாள். நாய்கள் இருக்கும் இடத்துக்கு வெள்ளைப் பேன்ட் போட்டு வந்திருந்தாள். இரண்டாவது கூண்டைத் தாண்டுவதற்குள் முழங்காலில் இரண்டு பாதங்கள் பதிந்துவிட்டன.

“ஐயோ, மேடம்!” என்று தம்பி துணியோடு ஓடினான்.

“விடுங்க, துவைச்சா போயிடும்” என்றாள் அவள். தம்பிக்கு உயிர் வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் சரக்கு வண்டி ஓட்டுநர் ஒருவர் உள்ளே வந்தார். ஆள் வாட்டசாட்டமானவர். போர்வையில் சுற்றிய பெரிய நாயைக் குழந்தையைப் போல ஏந்தியிருந்தார்.

“நாலு நாளா எதையும் தொடல. தண்ணி மட்டும் குடிச்சுக்கிட்டே இருக்கு. வயிறு பாருங்க, பானை மாதிரி.”

வாரத்தில் இரண்டு நாள் வந்துபோகும் கால்நடை டாக்டர் அழுத்திப் பார்த்தார். கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருந்தது.

“இன்னிக்கே எடுத்தாகணும். தள்ளிப்போட்டா தாங்காது.”

“வெளிய ஒரு இடத்துல கேட்டேன், டாக்டர். அவங்க சொன்ன தொகையக் கேட்டு அப்படியே திரும்பிட்டேன். இங்க எழுதிக் குடுத்துட்டா நீங்களே பாத்துக்குவீங்கன்னு சொன்னாங்க. எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டுங்க.”

அவர் சொன்னது சரிதான். அறக்கட்டளையின் பணத்தைக் காப்பகத்துக்குச் சொந்தமான பிராணிகளுக்கு மட்டுமே செலவு செய்யலாம். வளர்ப்பவர் இருக்கிற நாய்க்கு ஓர் ஊசிகூடப் போடக் கூடாது. அவர் அதைக் காப்பகத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டால் அதே நாய்க்கு, அதே மேஜையில், எந்த வைத்தியமும் பார்க்கலாம். ஆனால் எழுதிக் கொடுத்தவர் பிறகு அதைத் திரும்பக் கேட்க முடியாது. நாய் பிழைத்து எழுந்தாலும் வேறொரு வீட்டுக்குத்தான் போகும்.

அக்கா தாளை எடுத்து வைத்தாள். பேனாவை நீட்டும் முன் கேட்டாள்: “வீட்டுல இது யாரோட செல்லம்?”

“என் வீட்டுக்காரியோடது. வண்டியிலதான் உக்காந்திருக்கா. உள்ள வந்தா விட்டுட்டுப் போக முடியாதுன்னு அவளுக்கே தெரியும்.” அவர் நாயின் காதைத் தடவினார். “குண்டம்மான்னு கூப்பிடுவா. ரெண்டு பேருக்கும் அந்தப் பேரு பொருத்தம்தான்.” சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

அந்த மேஜையில் எத்தனையோ பேர் கையெழுத்துப் போட்டுப் போயிருக்கிறார்கள். யாரும் வாசலில் நின்று திரும்பிப் பார்த்ததில்லை. பார்த்தால் கால் நகராது.

அக்கா பேனாவை மூடினாள். “வேண்டாங்க. டாக்டர், நீங்க ஆரம்பிங்க.”

தம்பி அவளைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான். “அக்கா! அடிமடியிலயே கை வைக்கிறியே. அந்த அம்மா பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. ஒரு கையெழுத்து வாங்கிட்டா எல்லாம் சரியாப் போயிடும்ல?”

“யாருக்குடா சரியாப் போகும்?”

அக்கா நேராக அதிகாரியிடம் போனாள்.

“உங்க விதிய இப்ப மீறப் போறோம். திருட்டுத்தனமா செய்ய எனக்கு வராது. நீங்க எழுதிக்கங்க.”

அதிகாரி பதில் சொல்வதற்குள், அவள் யாரென்றே தெரியாத டாக்டர் அங்கிருந்து குரல் கொடுத்தார்: “யாராவது ஒருத்தர் இந்த குளுக்கோஸ் பாட்டிலத் தூக்கிப் பிடிங்களேன்! இந்த ஸ்டாண்டு ஒடஞ்சு கிடக்கு.” மேஜைக்கு அருகில் நின்றவள் அதிகாரிதான். பையைக் கீழே வைத்துவிட்டுப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா வெளியே போனாள். வண்டியில் இருந்த பெண் மடியில் கழுத்துப் பட்டையை வைத்திருந்தாள்.

“எழுதிக் குடுத்துட்டாராம்மா?”

“இல்ல, நான்தான் வேண்டாம்னுட்டேன்.”

“ஏன்? அவ்வளவுதானா? போயிடுச்சா?”

“ஐயையோ, அப்படி இல்லம்மா! ஆபரேஷன் நடக்குது. பொழைச்சா உங்க நாய் உங்க வீட்டுக்குத்தான் வரும்.”

அந்தப் பெண் நம்பவில்லை. இறங்கி உள்ளே வந்து, கதவோரம் நின்று, கண்ணால் பார்த்த பிறகுதான் அழுதாள். கணவர் அவள் தோளில் கை வைத்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நாய் பிழைத்தது. தையல் பிரிக்க வந்தபோது டாக்டரைப் பார்த்து உறுமவும் செய்தது.

நிதி கிடைக்கவில்லை. “நான் பாத்தத எழுதித்தான் ஆகணும்” என்று போகும்போதே அதிகாரி சொல்லியிருந்தாள், எழுதிவிட்டாள். தம்பி பல நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். ஒழுகும் இடத்திலெல்லாம் வாளி வைக்கும்போது மட்டும் அக்காவின் காதில் விழும்படி வைத்தான்.

சில மாதங்கள் கழித்து அதிகாரி தானாகவே வந்தாள்.

“உங்க கூண்டுல இருக்கறதுல எத்தனைக்கு இதுக்கு முன்னாடி ஒரு வீடு இருந்துச்சு?”

அக்காவும் தம்பியும் கூண்டு கூண்டாக நடந்து சொன்னார்கள். இதற்கு இடுப்பெலும்பு முறிவு. இதற்குக் கண். இதற்குச் சிறுநீர் அடைப்பு. பாதிக்கு மேல் வைத்தியம் பார்க்க முடியாமல் ஒப்படைக்கப்பட்டவை. அதிகாரி நெடுநேரம் நின்று கேட்டாள்.

“எங்க குழுவுல ரொம்ப வாதாடினேன்” என்றாள் கடைசியில். “வளர்ப்பவங்க இருக்கிற பிராணிக்கும் வைத்தியம் பாக்கலாம்னு ஒரு வருஷத்துக்கு ஒத்துக்கிட்டாங்க. சின்ன நிதிதான்.”

“கூரைக்கு?” என்றான் தம்பி.

“இல்ல.”

அவன் பெருமூச்சு விட்டான். பிறகு, “டாக்டர்கிட்ட இன்னும் ரெண்டு நாள் வரச் சொல்லணும், அக்கா” என்றான். முதல் தடவையாக அந்தச் சொல்லில் சண்டை இல்லை.

புது நிதியில் வைத்தியம் தொடங்கிய முதல் நாள் காலையிலேயே வாசலில் கூட்டம் கூடிவிட்டது. முடிதிருத்துபவர் முயலோடு, மூன்று சகோதரிகள் ஒரே பூனையோடு, ஒருவர் கோபக்கார வாத்தோடு. தம்பி கையைத் தட்டிக் கத்தினான்:

“வரிசையில வாங்க! கடிக்கிறவங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க!”

இரண்டு மூன்று பேர் நகர்ந்து நின்றார்கள்.