மறவாத அச்சம்

பர்மாப் போர்முனையிலிருந்து திரும்பிய பரமசிவனுக்கு, மூளையைத் தாக்கிய காய்ச்சல் ஒரு குறையை வைத்துவிட்டுப் போயிருந்தது. பட்டாளத்திற்குப் போகுமுன் நடந்தவை யாவும் அவனுக்கு நினைவிருந்தன. அதன்பின் நடந்ததும் கேட்டதும் நாழிகை கடப்பதற்குள் அழிந்துவிடும்.

அவன் போர்முனையில் இருந்தபோதுதான் மகள் இசக்கி வாந்திபேதியில் இறந்துபோனாள். "இசக்கி எங்கட்டி?" என்று அவன் கேட்கும்போதெல்லாம் மனைவி ஆவுடைத்தாய் உண்மையையே சொன்னாள். பெற்ற தகப்பனே அழாவிட்டால் அந்தப் பிள்ளைக்காக வேறு யார் அழுவார் என்பது அவள் எண்ணம். அவனும் தலையிலடித்துக்கொண்டு அழுவான். சாவுச் செய்தி கேட்டவன் தலைமுழுகாமல் சோறுண்ணலாகாது என்று, கையைப் பிடித்து அவனைக் குளிக்க அழைத்துப் போவாள். ஈரம் துவட்டும்போதே அவன் எல்லாவற்றையும் மறந்து, சிரித்த முகத்தோடு சோறு கேட்பான்.

அருவி நீர் தலையில் விழுந்தால் சித்தம் தெளியும் என்று ஊரார் சொன்னார்கள். ஆகவே சாரல் தொடங்கியதும் குற்றாலத்தில் ஓர் அறை பிடித்துத் தங்கினார்கள். துணைக்கு அவனுடைய அக்காள் வள்ளித்தாயும் வந்திருந்தாள்.

ஐந்தருவியில் முதல் நாள் அவன் குழந்தையைப் போலக் கூவினான்.

"ஏலே, துப்பாக்கி பிடிச்சவன் தண்ணிக்கா இந்தக் கூப்பாடு போடுத?" என்றாள் வள்ளித்தாய்.

"நீ வந்து நின்னு பாருக்கா! ஒன் கொண்டை மலையாளத்துக்குப் போயிரும்."

வெகுநாள் கழித்துக் கேட்ட கேலிப் பேச்சு. ஆவுடைத்தாய் உள்ளம் பூரித்துத் துண்டோடு நெருங்கி அவன் கையைப் பற்றினாள். அவன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு அக்காளின் பின்னே போய் நின்றான்.

"வேண்டாம். நீ ஒண்ணும் சொல்லாத."

"நான் என்ன சொல்லப் போறேன்?"

"தெரியல. நீ கிட்ட வந்தா நெஞ்ச அடைக்கு."

"ஏலே, அவ யாருன்னு தெரியலையா?" என்று பதறினாள் வள்ளித்தாய்.

"தெரியாம என்னக்கா? ஆவுடை. எம் பொண்டாட்டி. ஆனா பயமா இருக்கு."

ஆவுடைத்தாய்க்கு அப்போதுதான் புரிந்தது. சொன்ன செய்தி ஒன்றும் அவனிடம் தங்கவில்லை. சொன்னவளிடம் கொண்ட அச்சம் மட்டும் நாள்தோறும் சேர்ந்து கெட்டிப்பட்டிருக்கிறது. துண்டை வள்ளித்தாயிடம் கொடுத்தாள்.

"மதினி, இனிமே நீங்களே பாத்துக்கிடுங்க. பிள்ளையைக் கேட்டா கீழப்பாவூர்ல மாமா வீட்டுல விளையாடுதாள்னு சொல்லுங்க."

"ஏட்டி, நீ சொல்லேன். நல்ல சேதியாச் சொன்னா பயம் போயிராதா?"

அதுவும் சரியென்று பட்டது. அறைக்குத் திரும்பியதும் அவன் எதிரில் அமர்ந்து, "இங்க பாருங்க, இசக்கி..." என்று தொடங்கினாள். அடுத்த சொல் வருமுன் அவன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு அலறினான்.

அவள் எழுந்து வெளியே போனாள்.

உச்சிவேளையில் அவள் வைத்த குழம்பை வள்ளித்தாய்தான் பரிமாறினாள். ஆவுடைத்தாய் அவன் கண்ணில் படாமல் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"குழம்பு நல்லாருக்குக்கா. ஆவுடை வைக்கிற மாதிரியே இருக்கு. அவ எங்க?"

வள்ளித்தாய் கதவைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவளும் கீழப்பாவூர்லதான் இருக்காலே. இசக்கிகூட."

"அப்ப சரி," என்று அவன் நிம்மதியாக அடுத்த கவளத்தைப் பிசைந்தான்.