ஏழாம் எண் தோட்டக்காரர்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ரயிலில். ஜெர்மனியில், டோர்ட்முண்டிலிருந்து ம்யூன்ஸ்டர் வருகிற வண்டியில் எதிர் இருக்கையில் உட்கார்ந்து வீப்கே சொன்னாள், நான் கேட்டுக்கொண்டேன். (ரயிலைப் பற்றிய இந்தத் தகவலை வாங்கி வையுங்கள். பின்னால் திருப்பிக் கேட்பேன்.)

முதல் வரிக்கு மூன்று முறை முயன்றேன்.

காந்தத்துக்கு இரண்டு முகம், மனிதனுக்கோ—

இது நாட்காட்டித் தாளின் அடியில் போட வேண்டியது.

ஹார்ட்மூட் தன் வாழ்நாளில் ஒரு மில்லிமீட்டர்கூட—

அவசரம். அவர் முறை வரட்டும்.

பன்னிரண்டு தோட்டக்காரர்களில் பதினொருவர் ஒழுங்கானவர்கள்.

இதை வைத்துக்கொள்கிறேன். அந்தப் பன்னிரண்டு பேரும் கட்டைவிரல் உயர மரக்காய்கள் என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. யாரும் சாகப்போவதில்லை.

2

வீப்கே பல் ஆய்வகத்தில் பொய்ப்பல் செய்கிறவள். ஐம்பத்திரண்டு வயது. பதினோரு வருடமாகப் பலகை விளையாட்டுகளை உருவாக்குகிறாள். அதில் ஒன்றுகூட இதுவரை பெட்டிக்குள் போய்க் கடைக்கு வந்ததில்லை. ஹார்ட்மூட் ஓய்வுபெற்ற நில அளவையாளர், அறுபத்து மூன்று. வீப்கே யோசிப்பாள், ஹார்ட்மூட் செய்வார். மரம் அறுப்பது, துளை போடுவது, பசை ஒட்டுவது எல்லாம் அவர் கை. நாற்பது வருடம் ஊரார் வேலித் தகராறுகளை அளந்து தீர்த்த கை அது.

முதல் வரைவில் இவர்களை விவாகரத்தான தம்பதியாக்கியிருந்தேன். காந்தம், ஈர்ப்பு, விலக்கம் என்றெல்லாம் எழுதினால் வாசகர் தலையாட்டுவார் என்று ஆசை. வெட்கமாக இருந்தது, அடித்துவிட்டேன். இவர்கள் நண்பர்கள். இருபது வருடமாக நண்பர்கள், அவ்வளவுதான்.

(இன்னொன்று. இவர்கள் வட்டத்தில் எல்லோரும் எல்லோரையும் ஒருமையில்தான் கூப்பிடுகிறார்கள். வீப்கே ஹார்ட்மூட்டை 'நீ' என்பதைத் தமிழில் எழுத வருகிறது. மற்றவர்கள் அவரிடம் பேசும்போது கை தானாக 'நீங்க' என்று போட்டுவிடுகிறது. இருபத்தாறு வருடம் இங்கே இருந்தும் கை இன்னும் ஊரிலேயே இருக்கிறது.)

3

விளையாட்டின் பெயர் 'வேலி'. ஊருக்கு வெளியே வாடகைக்குப் பிடித்த சின்னச் சின்னத் தோட்டங்கள், அடுத்தடுத்து. பச்சைத் தொப்பிக்காரர்கள் ஆறு பேர், பழுப்புத் தொப்பிக்காரர்கள் ஆறு பேர். பச்சைக்கு ஒற்றைப்படை எண், பழுப்புக்கு இரட்டைப்படை. ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு காந்தம். பச்சைக்கும் பச்சைக்கும் ஆகாது. கிட்டே போனால் தள்ளிக்கொள்ளும். பச்சையும் பழுப்பும் நெருங்கினால் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டவர்கள் காப்பியும் கேக்கும் சாப்பிட உட்கார்ந்துவிட்டதாகக் கணக்கு. இரண்டு சுற்று எழுந்திருக்க முடியாது. யாரிடமும் மாட்டாமல் தன் ஆட்களைத் தண்ணீர்க் குழாய் வரை கொண்டுசேர்ப்பவர் வென்றவர்.

செவ்வாய்தோறும் மாலை ஏழு மணிக்கு வீப்கே வீட்டில் சோதனை ஆட்டம். சோதனைக்கு ஒரு சட்டம் உண்டு: ஆடுகிறவர்கள் விதியைத் தப்பாகப் புரிந்துகொண்டாலும் உருவாக்கியவர் வாய் திறக்கக் கூடாது. வீப்கே தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருப்பாள். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரும் மனதில் பட்டதை அப்படியே சொல்ல வேண்டும். தேன் தடவக் கூடாது.

சோதனை செய்கிறவர்கள் இரண்டு பேர். ஒருத்தி உல்லா. தேன் என்பதைக் கடையில்தான் பார்த்திருப்பாள். இன்னொருவர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிற ஒரு மனிதர். அவருக்குப் பெயர் வேண்டாம், கதைக்குப் பெரிதாகத் தேவைப்படமாட்டார்.

"எப்படி இருந்துச்சு?" என்று வீப்கே கேட்பாள்.

"ஒரு தப்பும் இல்ல" என்பாள் உல்லா. "அதான் தப்பு. எங்க வீட்டுப் பாத்திரம் கழுவுற மெஷின்லயும் ஒரு தப்பும் இல்ல. அது முன்னாடி நான் ரெண்டு மணி நேரம் உக்காந்திருக்கேனா?"

நான்கு வருடம் இதே பதில், வேறு வேறு இயந்திரங்களோடு.

4

போன மார்ச்சில் ஹார்ட்மூட் பன்னிரண்டு காய்களையும் புதிதாகச் செய்தார். திங்கள் மாலை ஏழு மணிக்குப் பசை ஒட்டி, வீப்கே மேஜையில் பெட்டியோடு வைத்து, மூடியில் சீட்டு எழுதினார்: 'இருபத்து நான்கு மணி நேரம். செவ்வாய் ஏழு வரை யாரும் தொடக் கூடாது.' செவ்வாய் ஏழு அடிக்கும்போது வந்து, ஒவ்வொரு காலடியிலும் ஒரு துணி வட்டம் ஒட்டி மூடினார். அதற்குப்பின் காந்தம் வெளியே தெரியாது.

அன்றைய ஆட்டத்தில் உல்லாவுக்குப் பச்சை. பத்தாவது நிமிடம் அவளுடைய ஆள் ஒருவன் எதிரியை நோக்கிப் போனான். ஒட்டிக்கொள்ள வேண்டியவன் எதிரியைப் பிடித்துத் தள்ளினான். பிறகு சொந்த ஆளோடு போய் ஒட்டிக்கொண்டான்.

"அடப்பாவி, இவன் யாருடா?" என்று உல்லா எழுந்தே விட்டாள். "எனக்குள்ளயே ஒருத்தன் அந்தப் பக்கத்து ஆளு!"

இதுவரை ஆட்டத்தில் எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும். இப்போது ஒருவனைத் தெரியாது. தள்ளிப் பார்த்தால்தான் தெரியும், தள்ளினால் மாட்டிக்கொள்ளலாம். பதினோரு வருடத்தில் முதல்முறையாக வீப்கே மேஜையில் சத்தம் கேட்டது. உல்லா முடித்ததும், "இன்னொரு ஆட்டம்" என்றாள். வீப்கே கைகளைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அழுகை இல்லை என்று பிற்பாடு சொன்னாள். அழுகைதான்.

ஹார்ட்மூட் சிரிக்கவில்லை. பையிலிருந்து திசைகாட்டியை எடுத்து ஒவ்வொரு காயாகப் பார்த்தார். ஏழாம் எண்ணில் முள் எதிர்ப்பக்கம் திரும்பியது.

"தலைகீழா ஒட்டியிருக்கேன்" என்றார்.

"அதனாலதான் ஆட்டமே நல்லாருக்கு! கும்பிடணும் உன்னை" என்றாள் வீப்கே.

"நான் வேணும்னு பண்ணலை வீப்கே. ரெண்டு தடவ சரிபார்த்தேன். சரிபார்த்தும் தப்பா இருக்கு." தன் வலது கையை மேஜைமேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. மொதல்ல சட்டைப் பொத்தான் மாத்திப் போட்டாரு. அறுபத்து மூணுல."

அவர் அப்பா கடைசி ஆறு வருடம் கரண்டி பிடிக்க முடியாமல் இருந்தது எல்லோருக்கும் தெரியும். எதையும் முகத்துக்கு நேரே சொல்கிற உல்லா காய்களைப் பொறுக்கிப் பெட்டிக்குள் வைத்தாள்.

5

அதற்குப்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு எழுதப் பிடிக்கவில்லை.

வீப்கே விதியை மாற்றினாள்: ஒவ்வொரு அணியிலும் ஒருவன் மாறுபட்டவன், யாரென்று யாருக்கும் தெரியாது. புதுக் காய்களை அவளே ஒட்டினாள். ஹார்ட்மூட், காந்தங்களைப் பிடித்து ஒட்டுகிற தன் இடுக்கியை ஒரு காகித உறையில் போட்டு அவளிடம் கொடுத்துவிட்டார். நரம்பு டாக்டரிடம் போனார். டாக்டர் கையில் ஒன்றும் இல்லை என்றார். "டாக்டருக்கு ஏழாம் ஆளைத் தெரியாதே" என்றார் ஹார்ட்மூட். கோடையில் பேத்தி பிறந்தாள். அவர் அவளைத் தூக்குவதில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறார்.

அக்டோபரில் எஸ்ஸன் நகரத்துப் பலகை விளையாட்டுக் கண்காட்சியில் ஒரு பதிப்பகம் அவர்களுக்கு இருபது நிமிடம் ஒதுக்கியது. பதிப்பாசிரியை ஒரு மணி நேரம் ஆடினாள்.

"இந்த மாறுபட்ட ஆள் யோசனை யாரோடது?"

"எங்க ரெண்டு பேரோடதும்" என்றாள் வீப்கே.

"யாரோடதும் இல்லீங்க" என்றார் ஹார்ட்மூட். "என் கை பண்ணின தப்பு."

பதிப்பாசிரியை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தாள்.

ஜனவரியில் ஒப்பந்தம் வந்தது. உருவாக்கியவர் பெயர் பெட்டியின் மேல் அச்சாகும். விளையாட்டு உருவாக்குகிறவர்களின் உலகத்தில் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய மரியாதை அதுதான், அதற்குத்தான் பதினோரு வருடம். ஹார்ட்மூட் தன் பெயரை எடுக்கச் சொன்னார்.

"தப்புக்கெல்லாம் நான் பேர் போட்டுக்க மாட்டேன்."

"நீ போடலன்னா நானும் போடல."

"பிடிவாதம் பிடிக்காத."

"நீ மட்டும் பிடிக்கலாமா? உன் பேர் இல்லாத பெட்டிய நான் எந்த மூஞ்சியோட வாங்கி வீட்ல வைக்கிறது?"

ஒப்பந்தம் வீப்கே வீட்டு ரொட்டிக்கூடைக்கு அடியில் கிடக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்தாகி வராவிட்டால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வதாகப் பதிப்பகம் எழுதியிருக்கிறது.

6

இப்போது ரயிலைத் திருப்பிக் கொடுங்கள். அப்படி ஒரு ரயில் இல்லை.

எனக்கு இந்தக் கதையில் ஒரு பாத்திரத்தின்மேல் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். அந்த மொழிபெயர்ப்பாளர். ஒரு மேஜையில் நான்கு பேர், மூன்று பேர் பேசுகிறார்கள், இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல எழுத்தாளன் இப்படி ஒரு ஆளைச் சும்மா உட்காரவைக்கமாட்டான். கெட்ட எழுத்தாளனும் மாட்டான். ஒளித்துவைப்பவன்தான் உட்காரவைப்பான்.

அந்த மார்ச் செவ்வாய்க்கிழமை மொழிபெயர்ப்பாளர்—

அந்த மார்ச் செவ்வாய்க்கிழமை நான் ஆறு ஐம்பதுக்கே போய்விட்டேன். இங்கே பத்து நிமிடம் முன்னால் போவது பத்து நிமிடம் பிந்திப் போவதைவிட மோசம். வீப்கே தலை துவட்டிக்கொண்டே கதவைத் திறந்து, உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். மேஜையில் பெட்டி. மூடியில் சீட்டு. நான் படித்தேன். படிப்பதுதான் என் தொழில். இருபத்து நான்கு மணி நேரத்தில் பத்து நிமிடம் என்ன பெரிய பத்து நிமிடம் என்று மூடியைத் திறந்து ஏழாம் எண்ணை எடுத்தேன். பசை காயவில்லை. காந்தம் காலடியிலிருந்து துள்ளிப் போய்ப் பக்கத்துக் காயில் ஒட்டிக்கொண்டது.

நகத்தால் பிரித்தேன். ஒரு பக்கத்தில் சிவப்புப் புள்ளி இருந்தது. புள்ளி உள்ளே பார்க்க வேண்டுமா, வெளியே பார்க்க வேண்டுமா? பக்கத்துக் காயைப் பார்த்தேன், வெளியே பார்த்திருந்தது. அதேபோல் வைத்து அழுத்தினேன். பக்கத்துக் காய் பழுப்புத் தொப்பிக்காரன் என்பது எனக்கு உறைக்கவில்லை. பள்ளியில் பக்கத்துப் பேப்பரைப் பார்த்து எழுதியபோதும் இதே கதிதான். அவன் வேறு கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தான்.

அன்று ஹார்ட்மூட் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் சொல்லியிருக்கலாம். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் இருந்தேன். அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம், ஏன் போன வாரம் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயந்தேன். இப்படியே பத்து மாதம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று நீதிமன்றத்தில் சத்தியம் செய்து கொடுத்தவன் நான்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இந்தக் கதையைத் தமிழில் எழுதுவது தாய்மொழிப் பற்றினால் அல்ல. அந்த மேஜையில் யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது.)

7

முடிவுகள் வைத்திருக்கிறேன்.

(அ) நான் சொல்கிறேன். ஹார்ட்மூட் கட்டிப்பிடித்துக்கொள்கிறார். இது நடக்காது. அவர் யாரையும் கட்டிப்பிடிப்பதில்லை, கைதான் கொடுப்பார்.

(ஆ) நான் சொல்கிறேன். இவர்கள் நியாயஸ்தர்கள் ஆயிற்றே, பெட்டியில் என் பெயரையும் போட்டாக வேண்டும் என்று வீப்கே அடம்பிடிக்கிறாள். நான் செய்த அயோக்கியத்தனம் அச்சில் ஏறுகிறது. இந்த முடிவை நினைத்தால் ராத்தூக்கம் போகிறது.

(இ) நான் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை போகிறது. செவ்வாய்க்கிழமைகள் மிஞ்சுகின்றன, எனக்கு என் நாற்காலி மிஞ்சுகிறது. பேத்தி நடக்கப் பழகிவிடுகிறாள், அப்புறம் யாரும் தூக்க வேண்டியதில்லை.

(இ)-யை எழுதி முடித்து நல்ல முடிவு என்றுகூட நினைத்தேன். பிறகு முந்தாநாள் செவ்வாய் வந்தது.

வீப்கே வீடு மூன்றாம் மாடி. கதவுக்கு வெளியே ஏழடிக்கக் காத்து நின்றேன். இப்போதெல்லாம் நான் காத்து நிற்கிறேன். ஹார்ட்மூட் மேலே வந்தார், கையில் பெரிய கண்ணாடிக் கிண்ணம் நிறைய உருளைக்கிழங்கு சாலட்.

"இந்தா, நீ பிடி" என்றார். "என் கைய நம்ப முடியாது."

வாங்கிக்கொண்டேன். கனமான கிண்ணம். விளிம்பு வரை நிறைந்திருந்தது, மூடி இல்லை. மூன்று மாடியும் அவரே தூக்கி வந்திருந்தார். ஒரு துணுக்குகூடச் சிந்தவில்லை.

"ஹார்ட்மூட், அந்த ஏழாம் ஆள்—"

கதவு திறந்தது. மணி ஏழு.

இந்தக் கதையில் நிறைய வாக்கியங்களை அறுத்துப் போட்டிருக்கிறேன், பார்த்திருப்பீர்கள். மற்றவற்றை நடைக்காக அறுத்தேன். இதற்கு மட்டும் கதவைச் சாக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. மிச்சம் இருந்தது மூன்று சொல்: நான்தான் அதைத் தொட்டேன். ஜெர்மனிலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். மொழிமேல் பழி போட வழியில்லை.

இன்று வியாழன். இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது வழக்கம். விடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் நீங்கள் நல்லவர்கள், எனக்குச் சாதகமாக ஏதாவது செய்துவிடுவீர்கள். அதனால் ஒரு பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன். பெட்டியில் யார் பெயர், அடுத்த செவ்வாய் என் நாற்காலியில் யார் என்கிற மறுபாதி உங்களுக்கு.

ஹார்ட்மூட்டை ஏழு மணிக்குமேல்தான் போனில் கூப்பிட வேண்டும், அதற்குமுன் செய்தி கேட்பார். மணி ஆறு ஐம்பது. கூப்பிட்டேன்.

"என்ன, யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

"இல்லீங்க" என்றேன். சொன்னேன். மூன்று சொல்லோடு நிறுத்த முடியவில்லை, சீட்டைப் படித்ததிலிருந்து புள்ளி வரை எல்லாம் சொன்னேன். மறுபக்கம் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதை யாரோ அணைத்தார்கள்.

ஹார்ட்மூட் ஒன்றே ஒன்று கேட்டார்.

"என் இடுக்கி இன்னும் வீப்கே வீட்லதானே இருக்கு?"