நான்காவது பானை

பித்தளைப் பானையைப் பழைய புடவைக்குள் மூன்று சுற்றுச் சுற்றி, வண்டியின் முளையோடு சேர்த்துக் கயிற்றால் கட்டி, முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் பாக்கியத்துக்குத் தெருமுனையில் அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டது. யாருடைய சிரிப்பு என்று திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இந்தப் பிளேன் மாக்னியன் கிராமத்தில் கோழி கொக்கரிப்பதுபோல அப்படிச் சிரிக்கிறவன் யாருமில்லை. ரோஸ் ஹில்லில் துணிக்கடையில் நிற்கிற கொழுந்தன் நாகலிங்கம்தான். கயிறு வாயிலேயே இருக்க, கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். முருகா, இவனாக இருக்கக்கூடாது என்று கேட்டுக்கொண்டாள். முருகனுக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்திருக்க வேண்டும்.

"அண்ணி, பனானே," என்று புது வருஷ வாழ்த்தோடு கையைத் தூக்கிக்கொண்டு வந்தான். புது வருஷம் பிறந்து பதினோரு நாளாகிவிட்டது. இவனுக்கு இன்னும் பனானே முடியவில்லை. பின்னாலேயே அவன் பெண்டாட்டி தெய்வானை, நான்கு பிள்ளைகள், அதற்கும் பின்னால் கையில் ரம் பாட்டிலோடு அவன் சிநேகிதன் ஃப்ரான்சிஸ், ஃப்ரான்சிஸின் மனைவி பியெரெட். எட்டுப் பேர். கொண்டுவந்தது ஒரு பாட்டிலும் ஒரு கூடை லிச்சியும். அந்த லிச்சியையும் ரயிலிலேயே பாதி தின்று தீர்த்திருந்தார்கள்.

பாக்கியத்தின் புருஷன் சின்னன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவன், வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். தம்பியைக் கட்டிக்கொண்டான், ஃப்ரான்சிஸைக் கட்டிக்கொண்டான், பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி இறக்கினான். ஊரில் யார் வந்தாலும் அவனுக்கு இதுதான். வழிதவறி வந்த நாய்க்குக்கூட உட்காரப் பலகை போடுகிற மனுஷன். அந்தப் பலகையைத் துடைத்து, இலை போட்டு, சோறு வடிக்கிறவள் எவள் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

பாக்கியம் யாரையும் வா என்று கேட்காமல் அந்த முடிச்சையே இறுக்கிக்கொண்டிருந்தாள். ஏனென்று சின்னனுக்கும் தெரியாமல் இல்லை. அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை, அண்ணன் தம்பியும் இல்லை. இருக்கிற ஒரே தங்கை பொன்னம்மாவை அவள்தான் வளர்த்து, பெல் ஒம்ப்ர் எஸ்டேட்டில் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தாள். ஆகையால் பொங்கலுக்குத் தாய்வீட்டுச் சீர் என்று ஒன்று போக வேண்டுமானால் அது இந்த வீட்டிலிருந்துதான் போக வேண்டும். அடுப்பு காணாத புதுப் பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு, ஒரு புடவை. பொங்கல் பானை அடுப்பில் ஏறுவதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். பொழுது விடிந்த பிறகு போனால் அது சீர் இல்லை, விருந்துக்குப் போனதாகத்தான் கணக்கு. தலைப்பொங்கலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததோடு சரி. அடுத்த வருஷம் இதே நாகலிங்கம் குடும்பத்தோடு வந்து ஒரு வாரம் டேரா போட்டான். அதற்கடுத்த வருஷம் அவன் பிள்ளைக்குக் காது குத்து. போன வருஷம் புயல் வந்து ஆற்றுப் பாலத்தைக் கொண்டுபோய்விட்டது. அது ஒன்றைத்தான் நாகலிங்கத்தின் தலையில் போட முடியவில்லை. தெரிந்த வண்டிக்காரன் எவனிடமாவது கொடுத்தனுப்பலாம் என்று சின்னன் சொல்லத்தான் செய்தான். பாக்கியத்துக்குத்தான் மனசு வரவில்லை. தாய்வீட்டுச் சீரை உரமூட்டை அனுப்புகிற மாதிரி வண்டிக்காரன் கையிலா கொடுத்தனுப்புவது? நேரில் போவோம், அடுத்த வருஷம் போவோம் என்றே மூன்று வருஷம் ஓடிப்போயிற்று. அங்கே அந்த மாமியார்க்காரி, "உன்னை ஏன்னு கேக்க ஒரு நாதி உண்டா?" என்று சொல்லிக்காட்டுகிறாள் என்று போகிறவர் வருகிறவர் மூலம் காதுக்கு எட்டியபோதெல்லாம் பாக்கியத்துக்குச் சோறு இறங்காது.

இந்த வருஷம் அப்படியில்லை. மூன்று ஆர்ப்பாங் நிலத்துக் கரும்பும் டிசம்பருக்குள் மில்லுக்குப் போயாயிற்று. மாடுகள் சும்மா நிற்கின்றன. இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்து அனுப்பியாயிற்று. நாளை விடியுமுன் கிளம்பினால் ராத்திரி சுயாக்கில் தங்கி, போகியன்று மத்தியானம் பெல் ஒம்ப்ர் போய்விடலாம். எல்லாம் பேசி முடித்து வைத்திருந்தாள். இப்போது வாசலில் எட்டுப் பேர் லிச்சிக்கொட்டையைத் துப்பிக்கொண்டு நிற்கிறார்கள்.

"நாளைக்குக் கடலுக்குப் போகலாம்னுதான் வந்தோம் அண்ணி. ஃப்ரான்சிஸுக்கு மாட்டு வண்டியில போகணும்னு ஆசை," என்றான் நாகலிங்கம்.

பாக்கியம் புருஷனைப் பார்த்தாள். அவன் தலையைச் சொறிந்தான். அவன் தலையைச் சொறிந்தால் ஏதோ யோசனை வரப்போகிறது என்று அர்த்தம். அவனுடைய யோசனைகளால்தான் அவள் பாதி நரைத்தாள்.

"ந்தா பாக்கியம், நாம போற வழியெல்லாம் கடல்தானே. இவங்களையும் ஏத்திக்குவோம். சுயாக்ல கடலோரமா ஆக்கித் தின்னுட்டு இவங்க அங்கேயே சாயங்கால ரயிலப் புடிச்சிப் போயிடட்டும். நாம நம்ம வழியில போவோம். யாருக்கும் மனவருத்தமில்ல."

"எனக்கு இருக்கு," என்றாள் பாக்கியம். அதற்குள் அவன் ஃப்ரான்சிஸிடம் போய்விட்டான்.

மறுநாள் அந்த வண்டி கிளம்பின கோலத்தை என்னவென்று சொல்வது. கரும்பு ஏற்றுகிற வண்டியில் பத்து உருப்படிகள். பியெரெட் தொப்பி வைத்துக்கொண்டு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தாள். பாவம், அவளுக்கு அது அரிசி என்று தெரியாது. சீர்ப் புடவை இருந்த மூட்டையைத் தெய்வானை கடைக்குட்டிக்குத் தலையணையாக வைத்தாள். கரும்பில் ஒன்றைப் பிள்ளைகள் ஆற்றைத் தாண்டுவதற்குள் உடைத்துக் கடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கேட்டதற்கு, "பிள்ளைங்கதானே அண்ணி, கரும்புக் காட்டுல இருந்துக்கிட்டு ஒரு கரும்புக்குப் பார்க்குறீங்களே," என்று கொழுந்தன் சிரித்தான். பாக்கியம் பானையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சுயாக் வரைக்கும் அதைக் கீழே வைக்கவில்லை. கால் மரத்துப்போயிற்று. போகட்டும் என்று இருந்தாள்.

மத்தியானம் தாண்டித்தான் சுயாக் போய்ச் சேர்ந்தார்கள். கடல் கறுப்புப் பாறையில் மோதிக்கொண்டிருந்தது. மர நிழலில் மூன்று கல் கூட்டி, கொண்டுவந்த பெரிய சட்டியில் சோற்றை அவளே ஏற்றினாள், பருப்பை அவளே தாளித்தாள். தெய்வானைக்கு வண்டி குலுங்கியதில் தலைசுற்றலாம். ஆம்பளைகள் ரம் பாட்டிலைத் திறந்துவிட்டார்கள். எல்லாம் இறக்கிவைத்த பிறகு, அம்மன் கோயில் பக்கத்தில்தான் இருக்கிறது, ஒரு சூடம் கொளுத்திவிட்டு வந்துவிடுகிறேன் என்று பானையைப் புருஷன் பொறுப்பில் வைத்துவிட்டுப் போனாள். பொறுப்பில் என்றால் கையில் கொடுத்து, அவன் முகத்தைப் பார்த்து, "கீழ வைக்காதீங்க," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நெற்றியில் விபூதியோடு அவள் திரும்பி வந்தபோது கூட்டம் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. மூன்று கல்லுக்குமேல் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. கிட்டே வந்தாள். பித்தளைப் பானை. அதன் இடுப்புவரை நெருப்பு நக்கிக்கொண்டிருந்தது. உள்ளே மிளகாய்க் குழம்பில் கணவாய்க் கால்கள் சுருண்டு சுருண்டு மேலே வந்து போயின.

சின்னன் எழுந்து நின்றான். "ஃப்ரான்சிஸ் மீன்காரன்கிட்டக் கணவாய் வாங்கினான் பாக்கியம். உயிரோட துள்ளுது. சட்டி பூராச் சோறு இருக்கு. வேற ஏனம் இல்ல."

"புதுப் பானைதானே அண்ணி, சுத்தமாத்தான் இருந்துச்சு," என்றான் நாகலிங்கம்.

புதுப் பானையாக இருந்ததுதான் விஷயம் என்று இந்த மனுஷனுக்கு எந்த பாஷையில் சொல்வது? இவனும் சின்னனைப் பெற்ற அதே தாய்க்குப் பிறந்து, பொங்கல் வைத்துத் தின்று வளர்ந்தவன்தானே? சூடுபடாத பானையில்தான் முதல் பால் பொங்க வேண்டும் என்று தெரியாதா? ஃப்ரான்சிஸையும் பியெரெட்டையும் திட்டுவதில் நியாயமில்லை. பியெரெட்தான் அவள் முகத்தைப் பார்த்ததும் ஏதோ தப்பு நடந்துவிட்டதென்று புரிந்துகொண்டு, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "பார்தோன் மதாம், பார்தோன்," என்று கையைப் பிடித்துக்கொண்டாள். தெரியாதவளுக்கு இருந்த பதைப்பு தெரிந்தவர்களுக்கு இல்லை. கட்டின புருஷனே தன் கையால் புடவைச் சுற்றை அவிழ்த்துக் கொடுத்திருக்கிறான். இவர்கள் முன்னால் அழக்கூடாது என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"தின்னு முடிங்க. எனக்குப் பானை வேணும்," என்றாள்.

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு வேகவேகமாகத் தின்றார்கள். நாகலிங்கம் மட்டும் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டான். ரயிலேறும்போது, "அண்ணி கைப்பக்குவமே தனிதான்," என்று வேறு சொல்லிவிட்டுப் போனான். குழம்பு வைத்தவள் பியெரெட்.

பாக்கியம் மணலும் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தாள். பொழுது சாயும்வரை தேய்த்தாள். கைவிரல் தோல் உரிந்தது. உள்ளே பளபளவென்று வந்துவிட்டது. அடியிலும் சுமாராகப் போயிற்று. ஒரு பக்கத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கரி அப்பிப் பிடித்துக்கொண்டு நின்றது, என்ன செய்தும் விடவில்லை. சின்னன் ஊருக்குள் ஓடி, சீனன் கடையில் இரும்புச் சட்டியும் தகர வாளியும்தான் இருக்கிறதென்று வெறுங்கையோடு வந்தான். "நானும் தேய்க்கட்டுமா?" என்று கேட்டான். அவள் பானையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அன்று ராத்திரி சத்திரத்திலும் பேசவில்லை, மறுநாள் வழிநெடுகவும் பேசவில்லை. அவன் மாட்டோடு பேசிக்கொண்டு வந்தான்.

பேசாமல் வந்தாளே தவிர, மனசுக்குள் ஓயவில்லை. கணவாய் வேகவைத்த பானையை நாலு பேர் முன்னால் எப்படி நீட்டுவது? நாதியில்லை என்றாவது இதுவரை சொன்னாள் அந்த மாமியார். இனிமேல் எச்சிற்பானை தூக்கிக்கொண்டு வந்த நாதி என்பாள். போகாமலே இருந்திருக்கலாமோ? இரண்டு இடத்தில் மாட்டைத் திருப்பச் சொல்லலாமா என்று வாயெடுத்தாள். பேசுவதில்லை என்று வைத்திருந்ததால் அதுவும் முடியவில்லை.

பெல் ஒம்ப்ரில் வண்டி நின்றதும் பொன்னம்மா ஓடி வந்தாள். சாணம் மெழுகின கையோடு அப்படியே கட்டிக்கொண்டாள். "அக்கா, வந்துட்டியா," என்றாள். இளைத்திருந்தாள். பாக்கியம் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினாள். அம்மாவுக்கு இரண்டு சோடி சிவப்புக்கல் தோடு. சாகும்போது ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். பாக்கியத்தின் காதில் ஒரு சோடி கிடந்தது. பொன்னம்மாவின் காது ஓட்டைகளில் துடைப்பக் குச்சி செருகியிருந்தது.

"தோடு எங்கடி?"

"திருகு தேஞ்சிபோச்சிக்கா. உள்ள வா," என்றாள் பொன்னம்மா, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

மாமியார் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து, முறத்தை வைத்துவிட்டு, "வாம்மா பாக்கியம், வா," என்றாள். பாக்கியம் எதிர்பார்த்த குரலாக அது இல்லை. "மூணு வருஷமா வண்டிக்காரன் கையிலயே குடுத்தனுப்பிட்டே. தங்கச்சி வீட்டுக்கு ஒருதரம் நேர்ல வரப்புடாதான்னு நான்கூடக் கொறப்பட்டுக்கிட்டிருந்தேன். சும்மா சொல்லக்கூடாது, சீரு ஒருதரங்கூடத் தவறல. ஆரம்பத்துல நானும் நாக்குல நரம்பில்லாமப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காத."

பாக்கியத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமியார் கை காட்டிய பக்கம் பார்த்தாள். மரப்பலகையில் தலைப்பொங்கலுக்கு அவள் கொண்டுவந்து கொடுத்த பானை. அதற்குப் பக்கத்தில் இன்னும் மூன்று பித்தளைப் பானைகள். நன்றாகத் தேய்த்து, வரிசையாகக் கவிழ்த்திருந்தது. ஒவ்வொன்றும் முந்தினதைவிடக் கொஞ்சம் சின்னது.

பொன்னம்மா அடுப்போரம் குனிந்து, அணைந்துபோன நெருப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதிக்கொண்டே இருந்தாள். நிமிரவில்லை.

"ஆமா அத்தை," என்றாள் பாக்கியம். தன் குரல் தனக்கே யாருடையதோ போலக் கேட்டது. "வண்டிக்காரன் நல்ல மனுஷன். பத்திரமா... பத்திரமாக் கொண்டாந்து சேர்த்தானா?"

"சேர்த்தான், சேர்த்தான். போன வருஷம் புயல்ல பாலமே போச்சே, அப்பக்கூடக் கொண்டாந்துட்டான்."

நேற்று முதல் நாகலிங்கத்தையும் சின்னனையும் திட்டுவதற்கென்று சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. கொழுந்தன் வந்தான், காது குத்து வந்தது, புயல் வந்தது. எல்லாம் சரி. ஒரு வண்டிக்காரனிடம் கொடுத்தனுப்ப உனக்கென்னடி கேடு வந்தது என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். கை தன்னையறியாமல் காதுத் தோட்டைப் போய்த் தொட்டது. சுட்டதுபோல எடுத்துக்கொண்டாள்.

வாசலில் சின்னனின் குரல் கேட்டது. அதற்குள் பொன்னம்மாவின் மாமனாரோடு சிநேகமாகிவிட்டிருந்தான். "அடுத்த பனானேக்கு எல்லாரும் நம்ம வீட்டுக்குத்தான் வரணும். எத்தன பேரா இருந்தாலும் சரி," என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

பாக்கியம் மூட்டையை அவிழ்த்தாள். கசங்கின புடவை, ஒன்று குறைந்த கரும்பு, வெல்லம், மஞ்சள் கொத்து. கடைசியாகப் பானை. கரி இருந்த இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டே எடுத்தாள். மாமியார் வாங்கிப் பார்க்கக் கையை நீட்டினாள்.

பொன்னம்மா ஒரே எட்டில் வந்து நடுவில் நின்று பானையை வாங்கிக்கொண்டாள். வாங்கும்போது அக்காவின் உள்ளங்கைக்குக் கீழே விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். மாமியாருக்கு முதுகைக் காட்டியபடி நடந்து, கோலம் போட்டிருந்த மூலையில் கரி பிடித்த பக்கம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். மஞ்சள் கொத்தை அதன் கழுத்தில் கட்டி, இலைகளை ஒவ்வொன்றாகப் பின்பக்கமாக இழுத்து விட்டாள்.